செயற்கை உணவு நிறங்கள் உடம்புக்குக் கெடுதலா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபுட் கலர் பற்றிப் பெற்றோர்கள் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளுக்கு முடிந்தவரை நேரடியாகப் பதில் சொல்லியிருக்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அனுமதி பெற்ற நிறங்களை எப்போதாவது சாப்பிட்டால் பெரும்பாலானவர்களுக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் குழந்தைகள் தினமும் சாப்பிடுகிற உணவில் அவை இருக்க வேண்டிய அவசியம் கொஞ்சமும் இல்லை. அனுமதியே இல்லாத சாயங்கள் வேறு ரகம், அவை ஒரு சிட்டிகைகூட உணவுப் பக்கம் வரக்கூடாது.

செயற்கை நிறம் எதிலிருந்து செய்கிறார்கள்? பெட்ரோலில் இருந்து என்கிறார்களே?

ஆமாம், மூலப்பொருள் பெட்ரோலியத்தில் இருந்துதான் வருகிறது. முதலில் நிலக்கரித் தாரில் இருந்து வந்தது. 1856இல் வில்லியம் ஹென்றி பெர்கின் என்ற இளைஞர் மலேரியாவுக்கான குவினைனைச் செயற்கையாகத் தயாரிக்கப் போய், அது வராமல் ஊதா நிறச் சாயம் ஒன்று வந்தது. துணிக்காகத் தொடங்கிய அந்தத் தொழில் சில பத்தாண்டுகளில் வெண்ணெய்க்கும் மிட்டாய்க்கும் வந்துவிட்டது.

ஆனால் ‘பெட்ரோலியம்’ என்ற சொல்லை மட்டும் வைத்துப் பயப்படுவதில் அர்த்தமில்லை. காய்ச்சலுக்குப் போடுகிற மாத்திரைகளின் மூலப்பொருளும் பெரும்பாலும் அங்கிருந்துதான் வருகிறது. ஒரு பொருள் எதிலிருந்து வந்தது என்பதைவிட, கடைசியில் அதன் மூலக்கூறு என்ன, அது எவ்வளவு சுத்தமாக இருக்கிறது, உடம்புக்குள் போய் என்னவாக மாறுகிறது என்பதுதான் கேள்வி.

உணவில் அதிகம் புழங்குகிறவை அசோ சாயங்கள். டார்ட்ரசின், சன்செட் யெல்லோ, கார்மோய்சின், பான்சோ 4ஆர், அல்லூரா ரெட் எல்லாம் இந்தக் குடும்பம். எரித்ரோசின் வேறு வகை, அதன் எடையில் பாதிக்கு மேல் அயோடின்தான். பிரில்லியன்ட் புளூவும் இண்டிகோ கார்மைனும் நீலத்துக்கு. சில லேபிள்களில் ‘லேக்’ என்று பார்த்திருப்பீர்கள். அதே சாயத்தை அலுமினியச் சேர்மத்தின் மேல் படியவைத்து, தண்ணீரில் கரையாமல் ஆக்கியிருக்கிறார்கள். கோட்டிங் போட்ட மிட்டாய், மாத்திரை போன்றவற்றுக்கு அதைப் பயன்படுத்துகிறார்கள்.

எதற்காகச் சேர்க்கிறார்கள்?

பார்க்க அழகாக இருக்க, அவ்வளவுதான். சூடாக்கும்போதும் நாள்கணக்கில் அடுக்கிவைக்கும்போதும் வெளிறிப்போகிற நிறத்தை மீட்க, ஒவ்வொரு பாக்கெட்டும் ஒரே மாதிரி தெரிய, பழமே இல்லாத பானத்தில் பழம் இருக்கிற மாதிரி காட்ட. பதப்படுத்தும் பொருள் உணவு கெடாமல் காக்கிறது, அதனால் அதில் ஒரு சின்ன ஆபத்து இருந்தாலும் பதிலுக்கு ஒரு நன்மை கிடைக்கிறது. நிறத்தில் சாப்பிடுகிறவருக்கு அப்படி எதுவும் கிடைப்பதில்லை. லாபம் விற்பவருக்கு, ஆபத்து ஏதாவது இருந்தால் அது சாப்பிடுகிறவருக்கு. அதனால்தான் இந்த விஷயத்தில் ‘ஆபத்து ரொம்பச் சின்னது’ என்ற பதில் எனக்குப் போதவில்லை.

அரசு அனுமதித்தது என்றால் பாதுகாப்பானது என்றுதானே அர்த்தம்?

ஓரளவுக்கு. அந்த அனுமதி எப்படி வருகிறது என்று தெரிந்துகொண்டால் அதை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே முடிவு செய்யலாம்.

எலி, சுண்டெலி போன்ற விலங்குகளுக்கு வெவ்வேறு அளவில் நிறத்தைக் கொடுத்து, எந்த அளவு வரை ஒரு தீங்கும் தெரியவில்லை என்று பார்க்கிறார்கள். அந்த அளவைப் பொதுவாக நூறால் வகுக்கிறார்கள். மனிதன் விலங்கு அல்ல என்பதற்காக ஒரு பத்து, மனிதருக்கு மனிதர் வேறுபாடு உண்டு என்பதற்காக இன்னொரு பத்து. கிடைப்பதுதான் ‘தினசரி ஏற்கத்தக்க அளவு’, அதாவது வாழ்நாள் முழுக்கத் தினமும் சாப்பிட்டாலும் பரவாயில்லை என்று கணித்த அளவு. அது உடல் எடையைப் பொறுத்தது. டார்ட்ரசினுக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருப்பது ஒரு கிலோ எடைக்கு 7.5 மில்லிகிராம், அல்லூரா ரெட்டுக்கு 7, எரித்ரோசினுக்கு வெறும் 0.1.

இப்போது 15 கிலோ எடையுள்ள ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். எரித்ரோசின் ஒரு நாளைக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது, இது ஒரு சிட்டிகையிலும் மிகச் சிறிய பங்கு. பான்சோ 4ஆர் என்ற சிவப்புக்கு அதே ஆணையம் 2009இல் வரம்பை 4இல் இருந்து 0.7ஆகக் குறைத்தது. அப்படியென்றால் இந்தக் குழந்தைக்கு நாளொன்றுக்கு 10.5 மில்லிகிராம். லிட்டருக்கு 100 மில்லிகிராம் கலந்த ஒரு சிவப்புப் பானத்தை 200 மில்லி குடித்தால் 20 மில்லிகிராம் உள்ளே போகிறது. ஒரே டம்ளரில் வரம்பு கிட்டத்தட்ட இரண்டு மடங்கு தாண்டிவிட்டது.

அதே குழந்தை, அதே டம்ளர். ஆனால் உலக சுகாதார நிறுவனமும் ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பும் சேர்ந்து நடத்தும் ஜெக்ஃபா என்ற நிபுணர் குழுவின் வரம்பு இன்னமும் கிலோவுக்கு 4 மில்லிகிராம்தான். அந்தக் கணக்கில் 60 மில்லிகிராம் வரை போகலாம், நம் டம்ளர் மூன்றில் ஒரு பங்குதான். இரண்டுமே பொறுப்பான அமைப்புகள், இரண்டுமே கிடைத்த ஆய்வுகளைப் படித்துத்தான் முடிவு செய்தன. அமெரிக்காவிலோ பான்சோ 4ஆரை உணவில் போடவே அனுமதி இல்லை. அமெரிக்கா 1976இல் தடைசெய்த அமராந்த் என்ற சிவப்புக்கு ஐரோப்பாவில் சில பொருள்களில் மட்டும் இன்றும் இடம் உண்டு. அனுமதி என்பது அந்தந்த நேரத்தில், கையில் இருந்த சான்றுகளை வைத்து ஒரு குழு எடுத்த முடிவு. அதை மதிக்கலாம், கேள்வி கேட்காமல் இருக்க வேண்டும் என்பதில்லை.

வரம்பு தாண்டிவிட்டால் அன்றைக்கே உடம்பு கெட்டுவிடுமா என்று பதறவும் வேண்டாம். அது வாழ்நாள் கணக்கு, ஒரு நாள் கணக்கு அல்ல. தினமும் அதே பானம் என்றால்தான் கவலை.

அனுமதித்த நிறத்தைப் பிறகு தடைசெய்தது உண்டா?

நிறைய. 1906இல் அமெரிக்காவில் உணவுச் சட்டம் வந்தபோது சந்தையில் சுமார் 80 சாயங்கள் உணவில் கலக்கப்பட்டுக்கொண்டிருந்தன. பரிசோதித்துப் பார்த்து அடுத்த ஆண்டு ஏழுக்கு மட்டும் ஒப்புதல் கொடுத்தார்கள். அந்த ஏழில் ஒன்றுதான் ஆரஞ்சு எண் 1. அதை அதிகம் கலந்த மிட்டாயைச் சாப்பிட்டு 1950இல் அங்கே பல குழந்தைகளுக்கு வயிற்றுப்போக்கு வந்தது, அந்தப் பத்தாண்டிலேயே அனுமதி போயிற்று. அதற்கு முன் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அது ‘பாதுகாப்பான’ பட்டியலில் இருந்தது.

இன்றைய பட்டியலும் இப்படியே ஆகிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. இன்றைய சோதனைகள் அந்தக் காலத்தைவிடப் பல மடங்கு கடுமையானவை. ஆனால் பட்டியல் மாறக்கூடியது.

புற்றுநோய் வருமா?

எல்லோரும் முதலில் கேட்பது இதைத்தான். அனுமதி பெற்ற நிறங்களைச் சாதாரண அளவில் சாப்பிட்டதால் மனிதர்களுக்குப் புற்றுநோய் வந்தது என்று நிரூபணம் இல்லை. அப்படியானால் எரித்ரோசினை, அதாவது அமெரிக்காவில் ரெட் 3 என்று சொல்லப்படுவதை, ஏன் தடைசெய்தார்கள்?

அங்கே 1960இல் வந்த சட்டத்தில் டெலானி பிரிவு என்று ஒன்று உண்டு. மனிதருக்கோ விலங்குக்கோ புற்றுநோய் உண்டாக்குவது தெரிந்தால் அந்த நிறத்துக்கு அனுமதி கிடையாது, அளவு குறைவு என்ற சமாதானம் எல்லாம் செல்லாது. அதிக அளவில் எரித்ரோசின் கொடுத்த ஆண் எலிகளுக்குத் தைராய்டு கட்டிகள் வந்தன. அதனால் 1990இல் அழகுசாதனப் பொருள்களிலும் வெளிப்பூச்சு மருந்துகளிலும் அதை நிறுத்தினார்கள். உதட்டில் பூசக்கூடாது, ஆனால் மிட்டாயில் போட்டுச் சாப்பிடலாம் என்ற விசித்திரமான நிலை 35 ஆண்டுகள் நீடித்தது. கடைசியில் 2025 ஜனவரியில்தான் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் உணவுக்கும் உள்ளே சாப்பிடும் மருந்துக்கும் அனுமதியை ரத்து செய்தது. உணவு நிறுவனங்களுக்கு 2027 ஜனவரி வரையும் மருந்து நிறுவனங்களுக்கு 2028 ஜனவரி வரையும் அவகாசம்.

அந்த எலிகளிடம் கட்டி வந்த வழி ஆண் எலிகளுக்கே உரிய ஹார்மோன் மாற்றம், மனிதரிடம் அது அப்படி நடப்பதில்லை என்று தடைசெய்த அதே நிர்வாகமே சொல்லியிருக்கிறது. ஆகவே இத்தனை நாள் அதைச் சாப்பிட்டவர்கள் தூக்கம் கெட்டு யோசிக்க வேண்டியதில்லை. சட்டம் அப்படி, அதனால் தடை. நல்ல சட்டம்தான் என்பது என் எண்ணம், ஏனென்றால் அழகுக்காக மட்டும் சேர்க்கிற ஒரு பொருளுக்கு இவ்வளவு கறாராக இருப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை.

இன்னொரு விஷயம், அதிகம் பேசப்படாதது. அசோ சாயங்களைத் தயாரிக்கும்போது பென்சிடின் போன்ற புற்றுநோய்க் காரணிகள் மிக நுண்ணிய அளவில் கலப்படமாகத் தங்கிவிடலாம். அதற்கும் வரம்பு வைத்திருக்கிறார்கள், பல கோடியில் ஒரு பங்கு என்ற கணக்கில். நல்ல தயாரிப்பாளர் ஒவ்வொரு தொகுதியையும் சோதிப்பார். எங்கிருந்து வந்தது என்றே தெரியாத மலிவான பொடியில் அந்தச் சோதனையை யார் செய்தார்கள்?

ஃபுட் கலர் சாப்பிட்டால் குழந்தைகள் அடங்காமல் ஆடுவார்கள் என்பது உண்மையா?

சில குழந்தைகளுக்கு உண்மை. எல்லாக் குழந்தைகளுக்கும் அல்ல. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், பெற்றோரைக் குழப்புவது இந்தக் கேள்விதான்.

1970களில் பென் ஃபைன்கோல்டு என்ற அமெரிக்க அலர்ஜி மருத்துவர் நிறங்களையும் வேறு சில சேர்க்கைகளையும் நீக்கிய உணவால் துறுதுறுப்பு மிகுந்த குழந்தைகள் பலர் தேறியதாகச் சொன்னார். அவர் சொன்ன அளவு பெரிய முன்னேற்றம் பின்னால் வந்த கட்டுப்பாடான சோதனைகளில் தெரியவில்லை, அதனால் பல மருத்துவர்கள் விஷயம் முடிந்தது என்று விட்டுவிட்டார்கள். ஆனால் ஒரு சிறு பகுதிக் குழந்தைகள் ஒவ்வொரு சோதனையிலும் தனியாகத் தெரிந்துகொண்டே இருந்தார்கள்.

2007இல் இங்கிலாந்தின் சவுத்தாம்டன் பல்கலைக்கழக ஆய்வு லான்செட் மருத்துவ இதழில் வந்தது. 3 வயதுக் குழந்தைகள் 153 பேர், 8, 9 வயதுக் குழந்தைகள் 144 பேர். இவர்கள் ஏடிஎச்டி (கவனச்சிதறலும் மிகுந்த துறுதுறுப்பும் உள்ள குறைபாடு) என்று கண்டறியப்பட்டவர்கள் என்பதற்காகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் அல்ல, சாதாரணக் குழந்தைகள். நிறங்களும் சோடியம் பென்சோயேட் என்ற பதப்படுத்தும் பொருளும் கலந்த பானத்தைச் சில வாரங்களிலும், அதே மாதிரி தெரிகிற, எதுவும் கலக்காத பானத்தைச் சில வாரங்களிலும் கொடுத்தார்கள். எது எந்த வாரம் என்று பெற்றோருக்கும் தெரியாது, ஆசிரியருக்கும் தெரியாது. நிறம் கலந்த வாரங்களில் துறுதுறுப்பு சராசரியாகக் கொஞ்சம் கூடியது. அவர்கள் கொடுத்த இரண்டு வெவ்வேறு நிறக் கலவைகளில் ஒன்றின் விளைவு 3 வயதுக் குழந்தைகளிடம் தெளிவாகத் தெரிந்தது, மற்றொன்றின் விளைவு அந்த வயதில் அவ்வளவு தெளிவாக இல்லை. குழந்தைக்குக் குழந்தை வித்தியாசமும் அதிகம். கலவையாகக் கொடுத்ததால் குற்றவாளி எந்த நிறம், இல்லை பென்சோயேட்டா, என்று பிரித்துச் சொல்லவும் முடியவில்லை.

இந்த ஒரே ஆய்வை வைத்து இரண்டு முடிவுகள் வந்தன. ஐரோப்பிய ஒன்றியம் 2010 ஜூலை முதல் ஆறு நிறங்களுக்கு ‘குழந்தைகளின் செயல்பாட்டிலும் கவனத்திலும் பாதகமான விளைவை உண்டாக்கலாம்’ என்ற எச்சரிக்கையை லேபிளில் கட்டாயமாக்கியது. சன்செட் யெல்லோ, குயினோலின் யெல்லோ, கார்மோய்சின், அல்லூரா ரெட், டார்ட்ரசின், பான்சோ 4ஆர் ஆகியவை அவை. எச்சரிக்கையோடு மிட்டாய் விற்க எந்தக் கம்பெனி விரும்பும்? பெரும்பாலானவர்கள் நிறத்தையே மாற்றிக்கொண்டார்கள். அமெரிக்காவில் 2011இல் உணவு மருந்து நிர்வாகத்தின் ஆலோசனைக் குழு கூடி, பொதுவாக எல்லாக் குழந்தைகளுக்கும் இது காரணம் என்று நிறுவப்படவில்லை என்றது. எச்சரிக்கை லேபிள் வேண்டாம் என்று 8க்கு 6 என்ற வாக்கில் முடிவானது. எவ்வளவு நெருக்கம் பாருங்கள்.

2012இல் அதுவரை வந்த சோதனைகளை ஒன்றாகத் தொகுத்துப் பார்த்த ஒரு ஆய்வு, ஏடிஎச்டி உள்ள குழந்தைகளில் சுமார் 8 சதவீதம் பேருக்கு நிறங்களோடு தொடர்புள்ள அறிகுறிகள் இருக்கலாம் என்று மதிப்பிட்டது. 2021இல் கலிபோர்னியா மாநிலத்தின் சுற்றுச்சூழல் உடல்நல அபாய மதிப்பீட்டு அலுவலகம் 25 சோதனைகளை அலசி, 16இல் ஏதாவது ஒரு தொடர்பு தெரிகிறது என்றது. அந்த அறிக்கையில் எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. இன்றைய தினசரி வரம்புகள் பல பத்தாண்டுகளுக்கு முந்தைய விலங்கு ஆய்வுகளில் இருந்து வந்தவை, அந்த ஆய்வுகள் நடத்தையையோ மூளையையோ பார்ப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. கட்டி வந்ததா, எடை குறைந்ததா, ஈரல் கெட்டதா என்று பார்த்தார்கள். கவனம் சிதறுகிறதா என்று எலியிடம் யாரும் பார்க்கவில்லை. அந்த வரம்புக்குள்தானே இருக்கிறோம் என்று நிம்மதியடைய இது இடம் தரவில்லை.

ஏன் சிலருக்கு மட்டும்? அலர்ஜியின்போது உடம்பில் சுரக்கிற ஹிஸ்டமினை உடைக்கிற ஒரு நொதியின் மரபணுவில் உள்ள வேறுபாடு காரணமாக இருக்கலாம் என்று சவுத்தாம்டன் குழுவே 2010இல் எழுதியது. இன்னும் உறுதியாகவில்லை.

இதையெல்லாம் படித்துவிட்டு, ஏடிஎச்டி வருவதற்கே கலர்தான் காரணம் என்று நினைத்துவிட வேண்டாம். மரபுக் காரணங்களின் பங்கு அதில் மிகப் பெரியது. நிறத்தை நிறுத்தினால் சிகிச்சையே வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். குழந்தைக்கு மிட்டாய் கொடுத்ததால்தான் இப்படி ஆனது என்று பெற்றோர் தங்களையே நொந்துகொள்வதையும் பார்க்கிறேன், அதற்கு எந்த ஆதாரமும் இல்லை.

என் குழந்தைக்கு ஒத்துக்கொள்ளவில்லையா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரத்தப் பரிசோதனை எதுவும் இல்லை. இருக்கிறது என்று சொல்லி விற்கிற பரிசோதனைகளுக்குக் காசைக் கொட்ட வேண்டாம். நிறுத்திப் பார்த்து, திரும்பக் கொடுத்துப் பார்ப்பதுதான் வழி.

இரண்டு முதல் நான்கு வாரம் செயற்கை நிறம் உள்ள எல்லாவற்றையும் நிறுத்துங்கள். பற்பசை, விட்டமின் மாத்திரை, சிரப் இவற்றிலும் இருக்கும், ஆனால் டாக்டர் கொடுத்த மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். தூக்கம், எரிச்சல், கவனம், உடம்பில் தடிப்பு என்று நீங்கள் பார்க்கப்போகிறவற்றை முதலிலேயே முடிவு செய்து தினமும் இரண்டு வரி எழுதிவையுங்கள். அப்புறம் திரும்பக் கொடுத்துப் பாருங்கள். இந்தக் கடைசிப் படியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். நிறுத்திய நாள்களில் பொதுவாகவே நொறுக்குத்தீனி குறைகிறது, சர்க்கரை குறைகிறது, பெற்றோர் அதிகம் கவனிக்கிறார்கள், அதனாலேயே குழந்தை நன்றாக இருப்பதுபோல் தோன்றலாம். முடிந்தால் வீட்டில் ஒருவர் மட்டும் எந்த நாள் கொடுத்தோம் என்று வைத்துக்கொண்டு, குறிப்பு எழுதுகிறவருக்கும் பள்ளி ஆசிரியருக்கும் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எதிர்பார்ப்பு கண்ணை மறைக்கும். முன்பு மூச்சுத்திணறல், முகம் வீங்குதல் வந்த குழந்தை என்றால் இந்த ‘திரும்பக் கொடுத்துப் பார்ப்பது’ வீட்டில் கூடவே கூடாது, மருத்துவர் முன்னிலையில்தான்.

குழந்தை மற்ற உணவையும் குறைத்துக்கொள்கிறது, எடை ஏறவில்லை என்றால் சோதனையை நிறுத்திவிடுங்கள்.

பிறந்தநாள் அன்று ஒரு துண்டு கலர் கேக் சாப்பிட்டால்?

சாப்பிடட்டும். பண்டிகை நாள்களில் வருவதைவிட, தினமும் டிபன் டப்பாவிலும் பானப் பாட்டிலிலும் வருவதுதான் கணக்கில் சேர்கிறது.

அலர்ஜி, ஆஸ்துமா?

டார்ட்ரசினால் சிலருக்கு உடம்பில் அரிப்பும் தடிப்பும் வருவது உண்மை, ஆனால் அரிது. பத்தாயிரத்தில் ஒருவருக்கும் குறைவு என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் சொல்கிறது. ஆஸ்பிரின் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டார்ட்ரசினும் ஒத்துக்கொள்ளாது என்று பழைய புத்தகங்களில் இருக்கும், பின்னால் வந்த சோதனைகளில் அந்தத் தொடர்பு அவ்வளவு உறுதியாகத் தெரியவில்லை. ஆனாலும் உங்களுக்கு ஏற்கெனவே ஆஸ்துமாவோ அடிக்கடி வருகிற தடிப்போ இருந்து, குறிப்பிட்ட ஒரு மஞ்சள் பானத்துக்குப் பிறகு ஒவ்வொரு தடவையும் கூடுகிறது என்றால், டாக்டரிடம் அந்த லேபிளைக் காட்டுங்கள். உதடு, நாக்கு வீங்குவது, மூச்சு இழுப்பது, தலைசுற்றி மயக்கம் வருவது இவை அவசரம், அந்த நேரத்தில் எந்த நிறம் என்று ஆராய்ந்துகொண்டிருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.

இயற்கை நிறம் என்றால் கவலையே இல்லையா?

பெரும்பாலும் நல்லது, ஆனால் ‘இயற்கை’ என்ற ஒரு சொல்லை வைத்து நம்பிவிட முடியாது. கார்மைன் என்ற சிவப்பு கோச்சினீல் பூச்சியை உலர்த்தி எடுப்பது. தீவிர அலர்ஜி அதிர்ச்சியை உண்டாக்கிய நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன, அதனால் அமெரிக்காவில் 2011 முதல் அதன் பெயரை லேபிளில் போட்டே ஆக வேண்டும். சைவ உணவுக்காரர்களும் கவனிக்க வேண்டிய பெயர், லேபிளில் இ 120 என்றும் இருக்கும். அன்னாட்டோ விதை நிறத்துக்கும் அலர்ஜி வருகிறவர்கள் உண்டு. பழுப்பு நிறத்துக்குப் போடும் கேரமலில் அம்மோனியா சேர்த்துச் செய்கிற வகைகளில் 4-மெத்தில் இமிடசோல் என்ற பொருள் உண்டாகிறது, அது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கலாம் என்ற பட்டியலில் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. தினமும் கறுப்பு நிறக் குளிர்பானம் குடிப்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

வெள்ளைக்குப் போடுகிற டைட்டானியம் டை ஆக்சைடு கதையும் இதோடு சேர்ந்ததுதான். அது தாவரத்திலிருந்தும் வரவில்லை, பெட்ரோலியத்திலிருந்தும் வரவில்லை, கனிமம். மரபணுவைச் சேதப்படுத்தும் வாய்ப்பை நிராகரிக்க முடியாது என்று 2021இல் ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொன்னது, 2022இல் அங்கே உணவில் தடை வந்தது. 2023இல் ஜெக்ஃபா அதே பொருளைப் பார்த்துவிட்டுப் பிரச்சினை இல்லை என்றது.

பீட்ரூட், மஞ்சள், சிவப்பு முட்டைக்கோஸ், ஸ்பைருலினா, சங்குப்பூ இவற்றின் நிறங்களில் எனக்குத் தயக்கம் இல்லை. வெயிலிலும் சூட்டிலும் கொஞ்சம் மங்கும், மங்கட்டும்.

அப்படியானால் உண்மையிலேயே பயப்பட வேண்டியது எது?

அனுமதியே இல்லாத தொழிற்சாலைச் சாயங்கள். ரோடமின் பி, மெட்டானில் யெல்லோ, ஆரமின், மலாக்கைட் கிரீன், சூடான் சாயங்கள், மஞ்சளுக்காகக் கலக்கும் லெட் குரோமேட். இவை துணிக்கும் காகிதத்துக்கும் பெயிண்டுக்கும் செய்தவை. மலிவானவை, பளிச்சென்று இருக்கும், சூட்டில் மங்காது, அதனால்தான் கலக்கிறார்கள். லெட் குரோமேட்டில் ஈயமும் குரோமியமும் இருக்கின்றன. ஈயம் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும், அதற்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. 2005இல் பிரிட்டனில் சூடான் 1 கலந்த மிளகாய்த்தூள் ஒரு சாஸ் வழியாக நூற்றுக்கணக்கான தயார்நிலை உணவுகளுக்குள் போய், அத்தனையையும் கடைகளில் இருந்து திரும்ப எடுக்க வேண்டியதாயிற்று. கண்காணிப்பு நன்றாக நடக்கிற இடத்திலேயே அப்படி.

பஞ்சுமிட்டாய் இளஞ்சிவப்பில் கண்ணைப் பறிக்கிறது, நாக்கிலும் விரலிலும் பிடித்த நிறம் கழுவினாலும் போகவில்லை, லேபிள் இல்லை, யார் செய்தது என்று தெரியாது என்றால் வாங்காதீர்கள். தண்ணீரில் கரைத்துப் பார், எண்ணெயில் போட்டுப் பார் என்று சுற்றுகிற வீட்டுச் சோதனைகளில் சில ஓரளவு குறிப்புக் காட்டும், ஆனால் ‘தேறிவிட்டது’ என்று அவற்றை வைத்துச் சொல்ல முடியாது. உறுதியாகச் சொல்வது ஆய்வகம்தான். சந்தேகம் வந்தால் பாதி மீதி இருக்கிற பாக்கெட்டைத் தூக்கிப்போடாமல் உணவுப் பாதுகாப்பு அலுவலகத்தில் புகார் கொடுங்கள். நீங்கள் வாங்காமல் விட்டால் உங்கள் குழந்தை தப்பிக்கும், புகார் கொடுத்தால் அதே கடையில் வாங்குகிற மற்ற குழந்தைகளும் தப்பிக்கும்.

குடலைக் கெடுக்கும் என்று புதிதாகச் சொல்கிறார்களே?

அசோ சாயங்களைக் குடல் பாக்டீரியாக்கள் உடைக்கின்றன, அது பழைய தகவல். 2022இல் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வில், அல்லூரா ரெட்டை நீண்ட நாள் சாப்பிட்ட சுண்டெலிகளுக்குக் குடல் அழற்சியைத் தூண்டியபோது அது மோசமானது. மனிதரிடம் இது இன்னும் காட்டப்படவில்லை. ஏற்கெனவே குடல் அழற்சி நோய் உள்ளவர்கள் தவிர்த்துவிடலாம் என்பேன், இழப்பு ஒன்றும் இல்லை. நோயுற்ற குடல் வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்பதற்குப் பழைய உதாரணம் உண்டு. பிரில்லியன்ட் புளூ ஆரோக்கியமான குடலில் மிகக் குறைவாகவே உறிஞ்சப்படுகிறது. ஆனால் தீவிர சிகிச்சையில் குழாய் வழியே உணவு பெற்ற நோயாளிகளுக்கு, உணவு நுரையீரலுக்குப் போகிறதா என்று பார்ப்பதற்காக இதைக் கலந்தபோது, சிலருக்குத் தோலே நீலமானது, இறப்புகளும் பதிவாயின. 2003இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் இதற்கென்றே எச்சரிக்கை விட்டது.

லேபிளில் எதைத் தேடுவது?

பெயரோ எண்ணோ இருக்கும். எண்ணுக்கு முன்னால் ‘இ’ அல்லது ‘ஐஎன்எஸ்’ என்று வரும், எண் ஒன்றேதான். டார்ட்ரசின் 102, குயினோலின் யெல்லோ 104, சன்செட் யெல்லோ 110, கார்மோய்சின் 122, பான்சோ 4ஆர் 124, எரித்ரோசின் 127, அல்லூரா ரெட் 129, இண்டிகோ கார்மைன் 132, பிரில்லியன்ட் புளூ 133. அமெரிக்கப் பொருள் என்றால் யெல்லோ 5 (டார்ட்ரசின்), யெல்லோ 6 (சன்செட் யெல்லோ), ரெட் 40 (அல்லூரா ரெட்), புளூ 1 (பிரில்லியன்ட் புளூ) என்று இருக்கும். முன்பக்கம் பழப்படம் போட்டு, பின்பக்கம் பழச்சாறு 0 சதவீதமும் இரண்டு நிற எண்களும் இருந்தால், அந்தப் பாட்டிலில் இருப்பது என்னவென்று உங்களுக்கே புரிந்துவிடும். நிறம் நிறைய இருக்கிற உணவில் பெரும்பாலும் சர்க்கரையும் நிறைய இருக்கும். ஒன்றைத் தவிர்த்தால் மற்றதும் சேர்ந்து குறைகிறது, நடைமுறையில் பெரிய லாபம் அதுதான் என்று நினைக்கிறேன்.

மருந்து சிரப்பில் நிறம் இருக்கிறது, கொடுக்கலாமா?

கொடுங்கள். சிரப்பில் உள்ள நிறத்தைப் பார்த்துப் பயந்து ஆண்டிபயாட்டிக்கைப் பாதியில் நிறுத்துவது நிறத்தைவிடப் பல மடங்கு ஆபத்து. ஒத்துக்கொள்ளாமை இருப்பது உறுதி என்றால் மருந்தாளுநரிடம் கேளுங்கள், அதே மருந்து நிறம் இல்லாமல் வேறு வடிவில் கிடைக்க வாய்ப்பு உண்டு.

குழந்தையின் மலம் பச்சையாக, சிவப்பாகப் போகிறது. நிறத்தினாலா?

இருக்கலாம். நீலமும் மஞ்சளும் சேர்ந்த கிரீம், ஜெல்லி சாப்பிட்டால் மறுநாள் பளிச்சென்ற பச்சையில் போகும். சிவப்புப் பானம், சிவப்பு ஜெல்லி, சில சிவப்பு சிரப் இவை இரத்தம் போலவே தெரியும், பீட்ரூட்டும் அப்படித்தான். குழந்தை நன்றாக விளையாடுகிறது, காய்ச்சல் இல்லை, முந்தைய நாள் கலர் உணவு சாப்பிட்டது ஞாபகம் இருக்கிறது என்றால் அதை நிறுத்தி இரண்டு நாள் பாருங்கள். சிவப்பு குறையவில்லை, வயிற்றுவலி, வாந்தி, காய்ச்சல் இருக்கிறது, அல்லது மலம் தார் மாதிரி கறுப்பாகப் போகிறது என்றால் காத்திருக்காமல் டாக்டரிடம் காட்டுங்கள். போகும்போது அந்தப் பாக்கெட்டையும் கையோடு எடுத்துப்போங்கள், முடிந்தால் மலத்தின் படத்தையும். இரத்தமா சாயமா என்பதை ஒரு சின்னப் பரிசோதனையில் அவர்கள் சொல்லிவிடுவார்கள்.